இரவல் வயதில் எழுந்த தளம்

ஏழாம் பிறை மாதம் மறுநாள் பிறக்க இருந்தது. அம்மாதத்தில் பசித்த ஆவிகள் தெருவெல்லாம் திரியும்; ஆகவே தா நாங் நகரத்தில் அறிவுள்ள எவரும் கடை திறப்பதில்லை, வண்டி வாங்குவதில்லை, பெண் கேட்கப் போவதில்லை. மீன்சாறு காய்ச்சி விற்கும் லியூ அத்தை தம் கடைக்கு ஒரு வலைத்தளம் தொடங்க அதற்கு முந்தைய நாள் காலையைக் குறித்து வாங்கி வந்ததில் வியப்பொன்றும் இல்லை. ஏழு மணிக்கு மேல் ஒன்பதுக்குள், டிராகன் வேளை. அதற்குள் தளம் பிறந்தாக வேண்டும். தவறினால் மாதம் முழுவதும் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் டெட் என்னும் புத்தாண்டுப் பண்டிகையின் பரிசுப்பெட்டி வியாபாரம் கைநழுவும். அப்படி ஆகுமானால் வேலையைச் சைகோனில் வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று அத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார்.

இத்தனையையும் குவே பொறுத்துக்கொண்டாள். நாளும் வேளையும் எவருக்கும் தீங்கு செய்வதில்லை.

குவே அந்தச் சிறு நிறுவனத்தில் வலைத்தளங்களுக்கு முகப்புக் கட்டுபவள். புதிய தளம் ஒன்று பிறப்பதென்பது அவள் தொழிலில் ஒற்றை வரி. கருந்திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால், அதற்கென உள்ள நிரல் விழித்துக்கொண்டு சில கேள்விகளைக் கேட்கும். விடைகளைக் கேட்டுக்கொண்டு, கோப்புறைகளும் கோப்புகளும் அவற்றிற்கு வேண்டிய துணைப்பொருள்களுமாக ஒரு முழுச் சட்டகத்தைத் தானே எழுப்பி நிறுத்தும். சொல் ஒன்று இட்ட அளவில் இல்லாதது உள்ளதாகும் அந்தக் கணத்தை அவள் தொழுகைக்கு உரியதாகவே எண்ணியிருந்தாள். அக்கேள்விகளுக்குச் சொல்லும் விடைதான் தளத்தின் ஊழ். பின்னால் எவ்வளவு மெழுகினாலும் அது மாறுவதில்லை.

அவள் அதை அறிந்தது துன்பப்பட்டு. முந்தைய இரண்டாண்டுகள் கடற்கரை விடுதி ஒன்றின் தளத்தோடு கழிந்தன. எவரோ அவசரத்தில், கேட்டதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டி எழுப்பிய சட்டகம் அது. ஒரு கதவைத் திருத்தினால் மூன்று சன்னல்கள் கழன்று விழும். அந்த வேலை ஒருவழியாக முடிந்த அன்று அவள் நிறுவனத்தின் தலைவன் துவானிடம் போய் நின்றாள்.

"அண்ணே, இன்னொரு தடவை அடுத்தவங்க குப்பையில என்னால ஒட்டுப்போட முடியாது. அடுத்த வேலையை முதல் வரியிலேருந்து சுத்தமா தொடங்கணும். இல்லேன்னா நான் கிளம்புறேன்."

துவான் நெஞ்சில் கைவைத்து வாக்களித்தான். அவன் வாக்களிப்பதில் வல்லவன்.

மீன்சாற்றுத் தளம் பிறக்க இருந்ததற்கு முந்தைய நாள் மாலை அந்த வாக்கு உடைந்தது. நாள் குறித்துக் கொடுத்தவர், வேலையைத் தொடங்கப்போகிறவரின் ஆண்டையும் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழலும் ஆண்டுகளில் லியூ அத்தை எலி ஆண்டில் பிறந்தவர். குவே குதிரை ஆண்டு. எலிக்கும் குதிரைக்கும் நேர்ப்பகை. குதிரையின் கை பட்டுத் தொடங்கினால் ஒரு புட்டி கூட விற்காது என்று சொல்லிவிட்டாராம். துவான் ஆட்டு ஆண்டு, அதுவும் உதவாது. எலிக்கு உற்றது டிராகன். அலுவலகத்தில் டிராகன் ஒருவனே இருந்தான். கணக்கன் லுவோங்.

"வயசை இரவல் வாங்கிக்குவோம்மா," என்றான் துவான், பெரிய வழி கண்டவனைப் போல.

குவேக்கு அது புதிய செய்தியன்று. அவள் தந்தை வீடு கட்டியதும் அப்படித்தான். தமக்கு ஆண்டு சரியில்லையென்றால், சரியான ஆண்டில் பிறந்த ஒருவரை வேண்டிக்கொள்வார்கள். அன்றைக்கு அவரே வீட்டுக்காரர். முதல் மண்ணை அவரே வெட்டுவார். உண்மையான வீட்டுக்காரர் அந்நேரம் கண்ணில் படாத தொலைவில் நிற்க வேண்டும். வீடு முடியும்வரை அந்த வயதை அவர் வேறொருவருக்குக் கொடுக்கலாகாது. முடிந்தபின் பேருக்கு ஒரு விலை கொடுத்து வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். செங்கல்லுக்கும் மண்ணுக்கும் உரிய இந்த வழக்கத்தைக் கருந்திரைக்கும் கொண்டுவருவார்கள் என்பதுதான் அவள் கனவிலும் காணாதது.

அவள் வாதாடிப் பார்த்தாள். கேள்விகளுக்குச் சொல்லும் விடை தவறினால் எல்லாம் தவறும் என்றாள். துவான் அதற்கும் வழி வைத்திருந்தான்: விடைகளை லுவோங்குக்குச் சொல்லிக் கொடு. சரி, ஒருமுறை ஓட்டியே காட்டுகிறேன் என்றாள். கூடாது, நல்ல வேளைக்கு முன்னால் அந்த நிரலைத் தொட்டால் அதுவே தொடக்கம் ஆகிவிடும். ஆகவே வெறும் வாயாலேயே ஒத்திகை நடந்தது. முதல் கேள்விக்கு இன்னது, அடுத்ததற்கு இன்னது, அதன்பின் எதைக் கேட்டாலும் வேண்டாம். லுவோங் கண்களை மூடி மூன்றுமுறை ஒப்பித்தான். அவன் மனைவிக்கு எட்டாம் பிறை மாதத்தில் பிரசவம். இரவல் கொடுத்த வயதால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடக் கூடாதென்று தனியாக ஊதுபத்தியும் ஏற்றிவிட்டு வந்திருந்தான். கேலிக்கு இடமில்லாத முகத்தோடு அவன் நின்றதே குவேயின் எரிச்சலை மிகுவித்தது.

காலையில் அலுவலகத்தின் தரையில் இருக்கும் காவல்தெய்வத்தின் முன் சிவந்த ஒட்டரிசிச் சோறும் வேகவைத்த கோழியும் ஒரு கோப்பைக் காப்பியும் வைக்கப்பட்டன. லியூ அத்தை பட்டு அங்கி உடுத்து வந்து, மீன்சாற்றின் மணம் சற்றே கமழ, லுவோங்கின் நாற்காலிக்குப் பின்னால் அமர்ந்தார். தளத்தைக் கட்ட இருந்தவள் குவே; ஆகவே மறைந்து நிற்க வேண்டிய வீட்டுக்காரர் அவள்தான் என்று அவளைத் தெருமுனைக்குப் போகச் சொன்னான் துவான். நெடுநேரம் பேசி, மாடிப்படியின் திருப்பம்வரை அவள் உரிமை பெற்றாள். அங்கிருந்து எதுவும் தெரியாது, கேட்கும். கீழ்த்தளத்துக் காப்பிக்கடையில் பனிக்கட்டி உடைக்கும் ஓசைக்கு நடுவே அவள் செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள்.

முதல் கட்டளையே ஏறவில்லை. லுவோங்கின் கணினியில் தாய்மொழி எழுத்துமுறை அணைக்கப்படாமல் இருந்தது. அவன் தட்டிய ஆங்கில எழுத்துகளின் தலையில் கொம்பும் மீசையுமாக ஒலிக்குறிகள் முளைத்தன. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது கருந்திரை. அவன் மறுபடியும் பொறுமையாக அதே கொம்புகளோடு தட்டினான். குவே படியில் நின்றபடியே நெற்றியைச் சுவரில் சாய்த்தாள். துவானுக்கு அது என்னவென்று விளங்கி மாற்றி முடிப்பதற்குள் ஊதுபத்தியில் பாதி எரிந்திருக்கும்.

பின்பு நிரல் விழித்தது. ஆனால் அது நேற்றுவரை குவே அறிந்த நிரலன்று. ஓட்டும்போதெல்லாம் தன் புதிய பதிப்பைத் தேடி இறக்கிக்கொள்ளும் வழக்கம் அதற்கு உண்டு. புதிய பதிப்பு கேள்விகளின் வரிசையை மாற்றிவிட்டிருந்தது. ஒப்பித்து வைத்ததில் முதலாவது மூன்றாவதாக வந்தது; மூன்றாவது வரவே இல்லை. லுவோங் தடுமாறினான். அதன்பின் அவன் குரல் எழுந்தது.

"ஆமா," என்றான். சற்று நேரம் கழித்து, "வேணும்," என்றான். பிறகு, "வேணும், அதுவும் வேணும்."

ஒவ்வொரு சொல்லும் குவேயின் மண்டையில் ஆணியாக இறங்கியது. அவள் இரண்டு படி மேலே ஏறினாள். கதவிடுக்கிலிருந்து துவானின் கை மட்டும் நீண்டு, கோழியைத் துரத்துவதுபோல அவளைக் கீழே போகச் சொன்னது.

அதன்பின் நெடிய காத்திருப்பு. நிரல் கடல் கடந்து எங்கோ தொலைவிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு பொருள்களை இறக்கிக்கொண்டிருந்தது. இணையத்தைக் கொண்டுவரும் கடலடிக் கம்பிவடம் அந்த வாரம் அறுந்திருந்தது. வழக்கம்போலச் சுறா கடித்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. சுறாவை அவள் மனத்துக்குள் வைதாள். பின் லுவோங்கை. பின் எலியையும் குதிரையையும் படைத்தவர்களை வையப்போய் அஞ்சி நாவை அடக்கிக்கொண்டாள்.

மேலே கைதட்டும் ஒலி கேட்டது. லியூ அத்தை மகிழ்ந்து ஏதோ சொன்னார். துவான் படியருகே வந்து எட்டிப் பார்த்து, முகமெல்லாம் மலர்ச்சியாக, வா என்றான்.

உள்ளே நுழைந்தவள் திரையைக் கண்டதும் நின்றாள். மேலிருந்து கீழ்வரை சிவப்பு. வரிவரியாகப் பிழை. கேட்ட எல்லாவற்றையும் வேண்டும் என்றதால், ஒன்றோடொன்று ஒவ்வாத துணைப்பொருள்கள் ஒரே கூரையின்கீழ் குடியேறி, ஒன்றின் கழுத்தை ஒன்று நெரித்துக்கொண்டிருந்தன. அந்தச் சிவப்பைத்தான் லியூ அத்தை கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மணமேடைக்கும் புத்தாண்டுக்கும் உரிய செந்நிறம் இப்படித் திரை முழுக்கப் பொழிந்ததை அவர் இதுவரை கண்டதில்லையாம். மகனுக்கு அனுப்பப் போகிறாராம்.

குவே லுவோங்கின் பக்கம் திரும்பினாள். "எல்லாத்துக்கும் வேணும்னு எதுக்குண்ணே சொன்னீங்க?"

"நல்ல காரியம் தொடங்குறப்ப வேண்டாம்னு வாயால சொல்லுவாங்களா?" என்றான் அவன், உண்மையாகவே திடுக்கிட்டு. "வர்றதை வேண்டாம்னா அப்புறம் எது வரும்?"

துவான் அவள் முழங்கையைத் தொட்டு, பிறகு சரிசெய்துகொள்ளலாம், இப்போது சிரி என்று முணுமுணுத்தான். பிறகு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். பிறகு என்றால் இரண்டாண்டு. கழன்று விழும் சன்னல்கள். அவள் அந்த விரல்களை விலக்கிவிட்டு லியூ அத்தையின் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, மன்னிக்கணும். நீங்க பாக்குற சிவப்பு அதிர்ஷ்டம் இல்ல, கோளாறு. இது பிறந்ததே கோணலா பிறந்திருக்கு. இதை அழிச்சிட்டு மறுபடி தொடங்கணும்."

லியூ அத்தை கைபேசியைத் தாழ்த்தினார். குதிரை ஆண்டுப் பெண் வாயைத் திறந்த முதல் சொல்லே இதுவா என்று அவர் முகம் கேட்டது. ஆயினும் அவர் வியாபாரி. கெட்டுப்போன தொட்டியைக் கண்டு கண்ணை மூடிக்கொள்பவர் அல்லர். கோணல் என்றால் எவ்வளவு கோணல் என்று கேட்டார். ஆள் உள்ளே வர முடியாத அளவு என்று குவே சொன்னாள். அத்தை துவானைப் பார்த்தார். துவான் கோழியைப் பார்த்தான்.

"ஒன்பது ஆகலைல்ல? அழிச்சிட்டுத் தொடங்குங்க," என்றார் அத்தை. "ஆனா டிராகன் கையாலதான்."

எழுந்தது இன்னொரு தடை. லுவோங் நாற்காலியை விட்டு அசையவில்லை. அவன் இரு கைகளும் விசைப்பலகையைக் காப்பதுபோல அதன்மேல் கவிந்திருந்தன.

"இடிக்க விடமாட்டேன்," என்றான். "இது இப்ப என் பேர்ல நிக்கிற வீடு. என் பேர்ல கட்டி, என் பேர்லயே இடிச்சா, அது யார் தலைல விழும்? வீட்டுல பிள்ளத்தாச்சி இருக்கா தங்கச்சி."

அது வீடன்று, சில கோப்புகள் என்றாள் குவே. அப்படியென்றால் தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள், எவர் வேண்டுமானாலும் தட்டியிருக்கலாமே என்று அவன் திருப்பிக் கேட்டான். துவான் கெஞ்சினான், அதட்டினான், சம்பளத்தை நினைவூட்டினான். லுவோங் கண்ணில் நீர் துளிர்த்ததே தவிர கை விலகவில்லை. இடிப்பவனும் தானாக இருக்கலாகாது, இடிபடும் வீடும் தன்னுடையதாக இருக்கலாகாது. அவன் கேட்டது அவ்வளவுதான். லியூ அத்தையும் அதில் நியாயம் இருக்கிறதென்று தலையசைத்தார். சுவர்க்கடிகாரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குவே அந்தக் கடிகாரத்தையும், சிவந்த திரையையும், அதன்முன் அரணாக அமர்ந்த அந்த நல்ல மனிதனையும் மாறிமாறிப் பார்த்தாள். இந்த வழக்கத்துக்கு வெளியே நின்று எத்தனை பேசினாலும் பயனில்லை. இதற்கு உள்ளேதான் வாசல் இருக்க வேண்டும். அவள் தன் தந்தையின் வீடு முடிந்த நாளை நினைத்துப் பார்த்தாள்.

"சரி. இந்த வீட்டை எனக்கு வித்துடுங்க," என்றாள்.

லுவோங் விழித்தான். "கட்டி முடிச்ச பிறகுதானே விக்கிறது?"

"இதுக்கு மேல இதுல கட்ட ஒண்ணும் இல்லண்ணே. முடிஞ்சிடுச்சு. எனக்கு வித்துட்டீங்கன்னா இது என் வீடு. என் வீட்டை நான் இடிக்கிறேன், வர்றது என் தலையோட போகட்டும். உங்க வயசும் உங்களுக்குத் திரும்ப வந்துடும். அதுக்கப்புறம் அத்தையோட தளத்துக்காக அதைப் புதுசா இரவல் கொடுங்க."

லுவோங் அதை மனத்துக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான். எங்கும் பிசகவில்லை. அத்தையின் முகத்தை நோக்கினான். அவர் வாயைக் குவித்துச் சற்றே எண்ணி, ஆகலாம் என்று விரலசைத்தார். குதிரையின் தலையில் விழுவது எலியைச் சேராது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. குவே சட்டைப்பையிலிருந்து கசங்கிய நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"ரெண்டு கையாலயும் குடு," என்றான் லுவோங். "வீடு வாங்குற மாதிரி இல்லையே, பார்க்கிங் டோக்கன் குடுக்குற மாதிரி இருக்கு."

அவள் பற்களைக் கடித்தபடி இரு கைகளாலும் கொடுத்தாள். அவன் இரு கைகளாலும் வாங்கி, எழுந்து இடம் விட்டான். குவே உட்காராமல், குனிந்து, ஒரே வரியில் அந்தச் சட்டகம் முழுவதையும் துடைத்தாள். சிவப்பு போயிற்று. லியூ அத்தையிடமிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. எந்தத் தீங்கும் அப்போதைக்குக் கூரையிலிருந்து விழவில்லை.

அவள் மறுபடியும் படித்திருப்பத்துக்கு இறங்கினாள். போகுமுன் துவானிடம் இரண்டு சொல்லிவிட்டுப் போனாள். முதல்முறை இறங்கிய பொருள்கள் எல்லாம் அந்தக் கணினியிலேயே தங்கியிருக்கும். ஆகவே இம்முறை சுறாவின் தயவு வேண்டியதில்லை. இன்னொன்று, லுவோங் ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படிக்க வேண்டும். அவள் விடை சொல்லாமல் ஒரு விசையும் அழுத்தக் கூடாது. வீட்டுக்காரர் கண்ணில் படக்கூடாது என்பதுதானே வழக்கம்? காதில் விழக்கூடாது என்று எவரும் சொல்லவில்லையே. துவான் இதை அத்தையிடம் எடுத்துச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, அவருக்கும் சலித்துப்போயிருந்தது.

கட்டளை இம்முறை கொம்பின்றி ஏறியது. லுவோங் முதல் கேள்வியை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக்கூட்டிப் படித்தான். எந்த மொழியில் எழுதப் போகிறாய் என்பது அதன் பொருள். அவள் விடை சொன்னாள், அவன் அழுத்தினான். அடுத்தது, வேண்டுமா வேண்டாமா என்னும் வகை.

"வேண்டாம்," என்று கத்தினாள் குவே.

பிறகு லுவோங்கின் குரல், மெல்ல, வருந்திக்கொண்டே வந்தது. "அதை மட்டும் என்னால தட்ட முடியாது தங்கச்சி. வேற ஏதாவது சொல்லு."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். தலையை இரு கைகளிலும் தாங்கிக்கொண்டாள். கீழே காப்பிக்கடைப் பெண் நிமிர்ந்து பார்த்து, உடம்புக்கு ஏதேனும் ஆகிவிட்டதா என்று சாடையில் கேட்டாள். அப்போதுதான் குவேயின் அறிவில் ஒன்று தட்டியது. அந்த நிரல் விடைக்காக அடம்பிடிப்பதில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டால், தானே ஒரு விடையை வைத்துக்கொள்ளும். இத்தகைய கேள்விகளில் பெரும்பாலும் அது வைத்துக்கொள்வது வேண்டாம் என்பதைத்தான். ஆம், இல்லை என்பதற்கான இரண்டு ஆங்கில எழுத்துகளில் அந்த விடையின் எழுத்தை மட்டும் பெரிதாகக் காட்டியிருக்கும்.

"அண்ணே, பக்கத்துல ரெண்டு எழுத்து இருக்கா? எது பெருசு?"

"ஒய், என். அதுல 'என்' எழுத்துதான் பெருசு."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒண்ணும் தட்டவும் வேண்டாம். சும்மா என்டரை மட்டும் அழுத்துங்க."

"அது வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

"நீங்க எங்க சொன்னீங்க? வாயைத் திறந்தீங்களா?"

இந்த நுட்பம் லுவோங்குக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதன்பின் கேள்விகள் ஒழுங்காக வந்தன. அவன் எந்த எழுத்து பெரிதென்று அறிவித்துவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, விசையை மட்டும் பணிவோடு அழுத்தினான். துறந்தவற்றை எல்லாம் சொல்லாமலே துறந்தான். அடுக்கடுக்காக வந்த ஆசைகள் அவ்வாறே விலகிப்போயின. கடைசிக் கேள்வியில்தான் இடறிற்று. மாதிரிக்காக ஒரு வரவேற்புப் பக்கம் சேர்க்கட்டுமா என்று நிரல் கேட்டது. அங்கே ஆம் என்பதே பெரிய எழுத்து. அதை விலக்க வேண்டுமென்றால் அவன் வேண்டாம் என்று தட்டியே ஆக வேண்டும்.

ஒன்பதுக்கு மிகச் சிறிதே இருப்பதாகத் துவான் மேலிருந்து கூவினான்.

குவே கண்களை மூடினாள். அவள் இரண்டாண்டாக நினைத்திருந்தது முற்றிலும் தூய தொடக்கத்தை. ஆனால் இது வெறும் மாதிரிப் பக்கம், பிறகு அழிக்கக்கூடியது, எதன் கழுத்தையும் நெரிக்காதது.

"என்டர்," என்றாள்.

டிராகன் வேளைக்குள், டிராகனின் கையால் தளம் எழுந்தது. லுவோங் கடைசி வரியை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினான். அதில் பிழை என்ற சொல் இல்லை. உலாவியைத் திறந்தார்கள். நடுவில் ஏதோ ஒரு சின்னம் சுழல, வருக என்றது மாதிரிப் பக்கம். லியூ அத்தை அதை உற்றுப் பார்த்துவிட்டு, முந்தியது இன்னும் களையாக இருந்தது என்று சொன்னார். துவான் பதிலுக்கு ஒட்டரிசிச் சோற்றை இலையில் வைத்து அவர் கையில் கொடுத்து, காலை உணவுக்கு அழைத்துக்கொண்டு கீழே இறங்கினான். படியில் குவேயைக் கடக்கும்போது அத்தை ஒதுங்கி, சுவரை ஒட்டி நடந்தார். ஆனால் கடந்தபின் திரும்பி, கோணல் என்று கண்டதை முகத்துக்கு நேரே சொன்னதற்காக ஒரு புட்டி சாறு அனுப்புவதாகச் சொன்னார்.

குவே மேலே ஏறினாள். லுவோங் இன்னும் நாற்காலியில்தான் இருந்தான். முதுகு நிமிர்ந்திருந்தது.

"வீட்டுக்காரரே, உள்ள வரலாமா?" என்று கேட்டாள் அவள்.

"செருப்பை வெளில விட்டுட்டு வா."

அவள் விட்டுவிட்டு வந்தாள். அவன் எழுந்து இடம் கொடுத்தான், ஆனால் போகவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் கைகட்டி நின்றான். அவள் சட்டகத்தைத் திறந்து, கோப்புறை கோப்புறையாக இறங்கிப் பார்த்தாள். வேண்டாதது எதுவும் இல்லை. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில், குளித்து எழுந்ததுபோல இருந்தன. பிறகு அந்த மாதிரிப் பக்கத்தைத் தேர்ந்து, அழிக்கும் விசையின்மேல் விரலை வைத்தாள்.

"என்ன, மறுபடியும் இடிக்கிறியா?" என்றான் லுவோங்.

"இது வீடு இல்லண்ணே, தோரணம். விசேஷம் முடிஞ்சிடுச்சில்ல?"

அவன் குனிந்து திரையை உற்றுப் பார்த்தான்.

"சரி, அவுத்துக்க," என்றான். "ஆனா மெதுவா. சத்தம் வராம."